நொம்வூலா: மழையின் தாயா, மழைக்காரியா?

டர்பனில் வேலை பார்க்கும் உங்கள் தங்கைக்குப் பக்கத்து வீட்டில் நொம்வூலா என்றொரு ஜூலுப் பெண் இருக்கிறார். அந்தப் பெயருக்கு ஒரு பெயர்ப் பட்டியல் ‘மழை’ என்றும், இன்னொன்று ‘மழையின் தாய்’ என்றும், மூன்றாவது ‘மழையோடு’ என்றும் பொருள் சொல்கிறது. இவற்றில் எது சரி, பெயர் எப்படிப் பிறந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். சுருக்கமாகச் சொன்னால், முதலாவது அரைகுறையான விளக்கம். இரண்டாவது சொல்லுக்குச் சொல் சரியானது, ஆனால் கேட்பவரைத் திசை திருப்பக்கூடியது. மூன்றாவது இலக்கணப்படி தவறு, ஆனால் பெயர் வைத்த குடும்பத்தின் மனத்துக்கு மிக அருகில் நிற்பது அதுதான். ஏன் அப்படி என்பதற்கு அந்த மொழிக்குள் கொஞ்சம் போய்ப் பார்க்க வேண்டும்.

ஜூலு மொழி பான்டு மொழிக்குடும்பத்தின் ங்கூனி கிளையைச் சேர்ந்தது. தென்னாப்பிரிக்காவில் வீட்டு மொழியாக மிக அதிகம் பேர் பேசுவது இதைத்தான்; 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 24.4 விழுக்காட்டினர் இதைத் தங்கள் வீட்டு மொழியாகச் சொன்னார்கள். இந்தக் குடும்பத்து மொழிகளில் பெயர்ச்சொல் பொதுவாக வெறும் தலையோடு நிற்பதில்லை. அது எந்த வகுப்பைச் சேர்ந்தது என்பதைக் காட்டும் முன்னொட்டு ஒன்று அதன் முன்னால் நிற்கும். உமுன்டு என்றால் ஓர் ஆள், அபான்டு என்றால் பல ஆட்கள். பின்னால் உள்ள அடி அப்படியே இருக்க, முன்னால் உள்ளது மட்டும் மாறுகிறது. மழைக்கு ஜூலுவில் இம்வூலா என்று பெயர். இதில் ‘இ’யும் அதை ஒட்டிய ‘ம்’மும் வகுப்பைக் காட்டும் முன்னொட்டு, ‘வூலா’ என்பது அடி.

ஆள் பெயராகும்போது சொல் வேறு வகுப்புக்குப் போய்விடுகிறது. மனிதர்களின் பெயர்களுக்கு உரிய முன்னொட்டு ‘உ’ என்பதால், வாக்கியத்துக்குள் வரும்போது அந்தப் பெண் உநொம்வூலா ஆகிவிடுவார்; ‘ஒநொம்வூலா’ என்று பன்மையில் சொன்னால் நொம்வூலாவும் அவரோடு வந்தவர்களும் என்று பொருள். நேரில் கூப்பிடும்போது அந்த ‘உ’ விழுந்துவிடும். ரோமன் எழுத்தில் எழுதும்போது முன்னொட்டைச் சிறிய எழுத்திலும் பெயரின் முதலெழுத்தைப் பெரிய எழுத்திலும் எழுதுவது ஜூலு வழக்கம். ஆகவே ஜூலு நாளிதழில் இந்தப் பெயரைப் பார்த்தால் சொல்லின் இரண்டாம் எழுத்து மட்டும் நிமிர்ந்து நிற்கும். அச்சுப் பிழையோ என்று புதிதாகப் பார்ப்பவர்கள் நினைப்பதுண்டு.

மழையைக் குறிக்கும் அடிச்சொல்லின் வயது பெரியது. அது ஜூலுவுக்கு மட்டும் சொந்தமானதன்று. பான்டு மொழிகள் ஒன்றாக இருந்த பழங்காலத்திலிருந்து இறங்கி வந்த சொத்து. மலாவியில் பேசும் செவா மொழியில் மழைக்கு ம்வூலா என்றே பெயர். கிழக்குக் கரையின் சுவாஹிலியில் உயிரெழுத்துகளுக்கு நடுவே இருந்த ‘ல’ தேய்ந்து போனதால் அது ம்வுஆ ஆயிற்று. ஜிம்பாப்வேயின் ஷோனா மொழியில் ம்வுரா என்றால் தண்ணீர். ஸோத்தோ, த்ஸ்வானா மொழிகளில் முன்னால் இருந்த மெல்லினம் கழன்று அதே சொல் புலா ஆகியிருக்கிறது. போட்ஸ்வானா 1976-இல் தனக்கென நாணயம் வெளியிட்டபோது அதற்கு வைத்த பெயர் இந்தப் புலாதான். லெசோத்தோவின் தேசிய முழக்கத்திலும் அமைதி, மழை, வளம் என்ற மூன்றில் நடுவே இருப்பது அதுவே. வறண்ட நிலத்து மக்கள் பணத்துக்கு மழையின் பெயரை வைத்தார்கள் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், ஜூலுக் குடும்பம் ஒன்று மகளுக்கு அதே பெயரை வைத்ததன் கனம் புரியும்.

இங்கே ஒரு தவறான விளக்கத்தையும் தீர்த்துவிடலாம். ஜூலுவில் ‘வூலா’ என்று தனியாக ஒரு வினைச்சொல் உண்டு. அதற்குத் ‘திற’ என்று பொருள். ஆண்களுக்கு வைக்கும் வூலின்ட்லேலா என்ற பெயர் ‘வழியைத் திற’ என்ற கட்டளை வாக்கியமே. இதைப் பார்த்துவிட்டு நொம்வூலா என்றால் ‘திறப்பவள்’ என்று சிலர் எழுதுகிறார்கள். நடுவில் இருக்கும் ‘ம்’ அதற்கு இடம் கொடுக்காது. அது இம்வூலா என்ற பெயர்ச்சொல்லோடு சேர்ந்து வந்த மெல்லினம். வினையடியை நேராக எடுத்துப் பெயர் ஆக்கியிருந்தால் அந்த ‘ம்’ அங்கே வந்திருக்க வேலையில்லை. இரண்டு வூலாக்களும் ஒலியில் ஒன்றுபோல இருந்தாலும் வேறு வேறு சொற்கள்.

இனி முன்னால் இருக்கும் ‘நொ’வுக்கு வருவோம். முழுக் கேள்வியும் உண்மையில் இந்த ஓரெழுத்தைப் பற்றியதுதான். ங்கூனி மொழிகளில் பெண் பெயர் ஆக்குவதற்கு மிக அதிகம் பயன்படும் உறுப்பு இது. அமைதியைக் குறிக்கும் உகுத்தூலா என்ற சொல்லிலிருந்து நொகுத்தூலா, அழகைக் குறிக்கும் உபூஹ்லேயிலிருந்து நொபூஹ்லே, பரிசுகளைக் குறிக்கும் இஜீப்போவிலிருந்து நொஜீப்போ, அருளையும் இரக்கத்தையும் குறிக்கும் உமூசாவிலிருந்து நொமூசா என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகலாம். ஒவ்வொன்றிலும் நடப்பது ஒன்றுதான்: மூலச்சொல்லின் முதல் உயிரெழுத்து விழுகிறது, அந்த இடத்தில் ‘நொ’ வந்து உட்காருகிறது. இம்வூலாவின் ‘இ’ விழுந்து நொம்வூலா ஆனதும் இப்படித்தான்.

இந்த ‘நொ’வுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம் ‘இன்னதன் தாய்’ என்பது. அதற்கு வலுவான சான்று அதன் ஆண் இணை. ‘சொ’ என்பது ‘இன்னதன் தந்தை’. அமான்ட்லா என்றால் வலிமை. சொமான்ட்லா என்றால் வலிமையின் தந்தை, அதாவது எல்லாம் வல்ல கடவுள். 1853 முதல் 1883-இல் இறக்கும்வரை நேட்டாலின் ஆங்கிலிக்கன் ஆயராக இருந்து, 1861-இல் ஜூலு–ஆங்கில அகராதி ஒன்றையும் வெளியிட்ட ஜான் வில்லியம் கொலென்ஸோவை மக்கள் சொபான்டு என்றே அழைத்தார்கள். மக்களின் தந்தை என்று பொருள். அதன் பெண் இணையான நொபான்டு இன்றும் பெண்களுக்கு வைக்கும் பெயர். சொபான்டு தந்தை என்றால் நொபான்டு தாய் என்று எடுப்பதில் தவறு காண முடியாது. ஆகவே மழையின் தாய் என்ற உரை அகராதிப்படி நிற்கும்.

ஆனால் பிறந்து சில நாளே ஆன குழந்தையை எந்த ஜூலுத் தாத்தாவும் மழையைப் பெற்றவள் என்று நினைத்துக் கூப்பிடுவதில்லை. அந்த ‘நொ’ பேச்சில் எவ்வளவு தேய்ந்து, எவ்வளவு பரந்து போயிருக்கிறது என்பதை எனக்குப் புரியவைத்தது இலக்கணப் புத்தகமன்று, ஒரு கால்பந்து மைதானம். பீட்டர்மாரிட்ஸ்பர்கில் ஜூலு கற்றுக்கொண்டிருந்த காலத்தில், ஒரு சனிக்கிழமை ஊர்ப் பையன்களின் ஆட்டம் பார்க்கப் போயிருந்தேன். புல் பாதி, செம்மண் பாதியாக இருந்த மைதானம். நடுவர் ஏதோ தவறாக ஊதிவிட்டார் போலும். கோட்டுக்கு வெளியே நின்ற முழுக் கூட்டமும் ‘நொம்பெம்பே! நொம்பெம்பே!’ என்று கத்தியது. இம்பெம்பே என்றால் விசில். நொ, இம்பெம்பே இரண்டும் சேர்ந்து நொம்பெம்பே: விசிலுக்கு உரிய ஆள், அதாவது நடுவர். நொம்வூலா எப்படிக் கட்டப்பட்டதோ அதே அச்சில், எழுத்துக்கு எழுத்து அதே விதியில் கட்டப்பட்ட சொல். அந்த நடுவரோ மீசை வைத்த ஐம்பது வயது ஆண்மகன். அவரை யாரும் விசிலின் தாய் என்று நினைக்கவில்லை.

கோல் காப்பவருக்கும் இதே வகைப் பெயர்தான். இஜின்டி என்றால் கம்புகள். கோல் கம்பங்களுக்கு உரியவர் உனொஜின்டி. எழுதுவதைக் குறிக்கும் ‘பாலா’ என்ற வினையிலிருந்து உனொபாலா, செயலாளர்; கட்சி, சங்கம், திருச்சபை எதிலும் ஆணானாலும் பெண்ணானாலும் அந்தப் பதவிக்கு இதே சொல். வெட்டுக்கிளி பிடித்துத் தின்னும் நாரை வகைப் பறவை ஒன்றுக்கும் உனொகோலன்டேத்தே என்று பெயர். வெட்டுக்கிளி பிடிப்பது அதன் தொழில். இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் ‘நொ’வின் இன்றைய வேலை, ஒரு பொருளையோ செயலையோ ஓர் ஆளோடு முடிச்சுப் போடுவது என்று தெரிகிறது. நம் மொழியில் இதற்கு மிக நெருங்கி வருவது ‘காரர்’, ‘காரி’ என்ற விகுதி. விசில்காரர், கம்பக்காரர், மழைக்காரி. பால்காரி பாலைப் பெற்றவள் அல்லள், பாலோடு வருபவள். நொம்வூலாவும் மழையோடு வந்தவள். தமிழில் இந்த விகுதிக்குச் சில இடங்களில் ஒட்டிக்கொள்ளும் இளக்காரம் ஜூலுப் பெயரில் துளியும் இல்லை என்பதால், எழுத்தில் ‘மழைக்குரியவள்’ என்று மொழிபெயர்ப்பேன். பேச்சில் மழைக்காரிதான் என் தேர்வு.

அப்படியானால் ‘மழையோடு’ என்ற மூன்றாம் விளக்கத்தை ஏன் இலக்கணப் பிழை என்றேன்? ஜூலுவில் ‘உடன்’ என்பதைச் சொல்ல ‘ந’ என்ற உறுப்பு உண்டு. அது அடுத்த சொல்லின் முதல் உயிரோடு கலந்துவிடும்: ‘உ’வோடு சேர்ந்தால் ‘நொ’, ‘இ’யோடு சேர்ந்தால் ‘நெ’. ஆகவே உநொம்வூலாவோடு என்பதற்கு ‘நொநொம்வூலா’ என்று சொல்ல வேண்டும். இதில் முதல் ‘நொ’ உடன் என்ற பொருளுடையது, இரண்டாவது பெயரின் பகுதி. இந்த ஒலி ஒற்றுமைதான் பட்டியல் எழுதுபவர்களை ஏமாற்றியிருக்க வேண்டும். இம்வூலா ‘இ’யில் தொடங்குவதால் மழையோடு என்பது நெம்வூலா ஆகுமே தவிர நொம்வூலா ஆகாது. இதற்குப் பெயர்களிலேயே சாட்சி இருக்கிறது. ஜானெம்வூலா என்று ஆண்களுக்கு ஒரு பெயர் உண்டு. ‘மழையோடு வந்தது’ என்ற பொருளில் அமைந்த சின்ன வாக்கியம் அது. அதன் நடுவில் இருப்பது ‘நெம்வூலா’. உங்கள் தங்கையின் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு தம்பி பிறந்து, அன்றும் மழை பெய்திருந்தால் அவனுக்கு இந்தப் பெயர் கிடைத்திருக்கலாம்.

பெயர் வைக்கும் நோக்கத்தைப் பார்த்தால் அந்தப் பிழையான உரைக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. ஜூலுப் பெயர்களில் பெரும்பகுதி குழந்தையின் குணத்தைப் பற்றிய ஆசை மட்டுமன்று. அது வந்து சேர்ந்தபோது வீட்டிலும் ஊரிலும் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதன் குறிப்பும் ஆகும். ஞாயிற்றுக்கிழமை பிறந்தவள் நொமசோன்டோ. ஞாயிறைக் குறிக்கும் டச்சுச் சொல் ஜூலுவுக்குள் நுழைந்து சோன்டோ ஆகி, பிறகு தேவாலயத்துக்கும் பெயராகி, அதன் பின் பெண் குழந்தையின் பெயருக்குள்ளும் வந்துவிட்டது. வெயில் காய்ந்த நாளில் வந்தவள் நொமலாங்கா. மழையன்று வந்தவள் நொம்வூலா. க்வாஜூலு-நேட்டால் மாகாணத்தில் மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் மார்ச் வரை பெய்கிறது, குளிர்காலம் வறண்டது. டிசம்பர் வாக்கில் வரும் மாதத்துக்கு ஜூலுவில் உஜிபன்ட்லேலா என்று பெயர். ‘வழியைப் பொருட்படுத்தாதது’ என்று சொல்லலாம். மழையில் புல் மண்டி ஒற்றையடிப் பாதைகள் மறைந்துவிடுவதால், நடப்பவர் பாதையை மறந்து போகிற மாதம் அது. நொம்வூலாக்கள் பெரும்பாலும் அந்தப் புல்லுக்குள் பிறந்தவர்கள்.

நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்குப் பின்புறத்தில் வயதான அம்மையார் ஒருவர் இருந்தார். அவருடைய பேத்தி பெயரும் இதுவே. எதனால் அந்தப் பெயர் என்று என் அரைகுறை ஜூலுவில் கேட்டேன். நான் எதிர்பார்த்தது வளம், ஆசி என்ற வகைப் பதிலை. அவர் சொன்னது வேறு. அந்த இரவு கூரை ஒழுகியதாம். மகள் படுத்திருந்த பாயை மூன்று முறை இடம் மாற்றினார்களாம். ஒழுகும் இடத்தில் வைத்த எனாமல் பேசின் நிரம்பிய சத்தமும் குழந்தை அழுத சத்தமும் ஒன்றாகக் கேட்டதாம். மறுநாள் காலை, மாதக்கணக்கில் காய்ந்து கிடந்த சோளக் கொல்லையைப் பார்த்துவிட்டு வந்த தாத்தா, வேறு பெயர் யோசிக்க விடவில்லையாம். ஒழுகிய கூரையும் நனைந்த கொல்லையும் சேர்ந்ததுதான் அந்த வீட்டில் நொம்வூலா என்பதன் பொருள். வேறொரு வீட்டு நொம்வூலாவுக்கு வேறு மழை. அகராதி தருவது எல்லா நொம்வூலாக்களுக்கும் பொதுவான பாதியை மட்டுமே.

மழை அந்த நிலத்தில் எப்போதும் கொடையாகவே வருவதில்லை. 2022 ஏப்ரலில் டர்பனையும் சுற்றுப்புறத்தையும் தாக்கிய வெள்ளத்தில் 400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆனாலும் பெயர்களின் உலகத்தில் மழையின் பக்கம் நல்ல பக்கமாகவே இருக்கிறது. ஜூலு நம்பிக்கையில் மழைக்கும் மூடுபனிக்கும் விளைச்சலுக்கும் உரிய பெண் தெய்வம் ஒன்று உண்டு. வானத்து இளவரசி என்று அழைக்கப்படும் அவள் பெயர் நொம்குபுல்வானே. அவள் பெயரும் ‘நொ’வில்தான் தொடங்குகிறது. அவளுக்கென்று பெண்கள் தனியாக ஒரு துண்டு நிலத்தைக் கொத்தி விதைப்பதும், கன்னிப் பெண்கள் ஆண்களின் உடையை உடுத்திக்கொண்டு அன்று ஒருநாள் தாங்களே மாடுகளை மேய்ச்சலுக்கு ஓட்டிப் போவதும் வழக்கமாக இருந்திருக்கிறது. மாட்டுத் தொழுவத்தின் பக்கம் பெண்களை விடாத சமூகத்தில் அது சின்ன விஷயமன்று. மழை பெய்வதை ‘இஜூலு லியானா’ என்றும் சொல்வார்கள். வானம் பொழிகிறது என்பது அதன் நேர்ப்பொருள். வானத்தைக் குறிக்கும் அந்த இஜூலுதான் மக்களின் பெயரிலும் மொழியின் பெயரிலும் இருக்கிறது.

இதற்கு நேர் எதிரான பெயரையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. லங்கலிபலேலே என்றால் ‘வெயில் காய்கிறது’; வறட்சியைச் சொல்வதற்கும் அதே தொடர்தான். அந்தப் பெயரைத் தாங்கிய ஹ்லூபி மக்களின் தலைவர், மழை வருவிப்பதில் பெயர்பெற்றவராக இருந்தார். 1873-இல் நேட்டால் அரசோடு மோதல் மூண்டு, 1874-இல் விசாரணை நடத்தி அவரை ராபன் தீவுக்கு நாடு கடத்தினார்கள். அவருக்காக வாதாடியவர் மேலே சொன்ன சொபான்டு, அதாவது ஆயர் கொலென்ஸோ. காய்கிற வெயில் மழை தருவதும், நொம்வூலா மொகொன்யானே என்ற அரசியல்வாதி 2014 முதல் 2018 வரை தென்னாப்பிரிக்காவின் நீர்த்துறை அமைச்சராக இருந்த அதே ஆண்டுகளில் கேப் டவுன் குடிநீருக்குத் தவித்ததும், பெயர்கள் வாக்குறுதிகள் அல்ல என்பதற்கு நல்ல உதாரணங்கள்.

நொம்வூலா போன்ற ‘நொ’ப் பெயர்கள் ஒருவகை மட்டுமே. ஜூலுப் பெண் பெயர்களில் இன்னொரு பெரிய வகை முழு வாக்கியங்களாகவோ வினை வடிவங்களாகவோ இருக்கும். தான்டீவே என்றால் ‘நேசிக்கப்பட்டவள்’. சிபொங்கீலே என்றால் ‘நாங்கள் நன்றி சொல்லிவிட்டோம்’. ன்டோம்பிஜோட்வா என்றால் ‘பெண்கள் மட்டுமே’. வரிசையாகப் பெண் குழந்தைகளே பிறந்த வீட்டில் வைப்பது. ன்டோம்பிஃபூத்தி என்றால் ‘மறுபடியும் பெண்’. இவற்றைப் பார்த்தால் அங்கே பெயர் என்பது குழந்தைக்கு வைக்கும் அடையாளம் மட்டுமன்று, குடும்பம் தனக்குத்தானேயும் அயலாருக்கும் சொல்லிக்கொள்ளும் செய்தியும் கூட என்பது விளங்கும். மழைப் பெயர் இந்தக் கூட்டத்தில் மிகவும் சாதுவான செய்தி.

ஜூலுப் பெயர் என்று மட்டும் சொல்லி நிறுத்துவதும் சரியாகாது. கோஸா, ஸ்வாட்டி, ஜிம்பாப்வேயின் ன்டெபெலே ஆகிய மற்ற ங்கூனி மொழிகளிலும் மழைக்கு இதே சொல், பெண் பெயருக்கு இதே முன்னுறுப்பு. ஆகவே அங்கெல்லாமும் நொம்வூலாக்கள் இருக்கிறார்கள். வேறுபாடு சில பெயர்களில் மட்டும் தெரியும். அன்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து ஜூலுவில் நொத்தாண்டோ என்று பெயர் வந்தால், கோஸாவில் வகுப்பு முன்னொட்டின் ‘லு’வையும் வைத்துக்கொண்டு நொலுத்தாண்டோ என்பார்கள். கோஸா மக்களிடம் இன்னொரு வழக்கம் உண்டு: மணமாகி வரும் பெண்ணுக்குப் புகுந்த வீட்டார் புதிதாக ஒரு பெயர் கொடுப்பார்கள், அது பெரும்பாலும் ‘நொ’வில் தொடங்கும். ஒரு குடும்பத்துக்குத் தாயாகப் போகிறவளுக்கு அந்த எழுத்தைக் கொடுக்கும் இடத்தில் மட்டும் பழைய தாய்ப் பொருள் இன்னும் மூச்சு விடுகிறது என்று எனக்குத் தோன்றும். ஸோத்தோ–த்ஸ்வானா பக்கம் போனால், தாய் என்ற சொல்லையே வெளிப்படையாக வைத்து ம்மாபுலா என்றும், ‘மழையில்’ என்று இடவேற்றுமை போட்டுப் புலெங் என்றும் பெண்களுக்குப் பெயர் வைக்கிறார்கள். உங்கள் மூன்றாம் பட்டியலின் உரை புலெங்கின் பக்கத்தில் போய் நிற்க வேண்டியது.

பெயர் வைக்கும் உரிமை மரபாகத் தந்தை வழிப் பெரியவர்களுடையது. பிறகு இம்பெலேக்கோ என்ற சடங்கில் ஆடு அறுத்துக் குழந்தையை முன்னோருக்கு அறிமுகம் செய்வார்கள். அந்த ஆட்டின் தோலில் ஒரு வளையம் குழந்தையின் மணிக்கட்டில் ஏறும். மிஷன் பள்ளிகளின் காலத்தில் இந்த வீட்டுப் பெயரோடு பள்ளிக்கென ஓர் ஆங்கிலப் பெயரும் சேர்ந்துகொண்டது. ரோலிஹ்லாஹ்லா மண்டேலா என்ற கோஸாச் சிறுவனுக்குப் பள்ளியின் முதல் நாளில் ஆசிரியை நெல்சன் என்று பெயர் வைத்தது உலகறிந்த கதை. எத்தனையோ நொம்வூலாக்கள் வருகைப் பதிவேட்டில் மேரியாகவும் கிரேஸாகவும் இருந்திருக்கிறார்கள்.

திருமணத்துக்குப் பிறகு இந்தப் பெயர் வெளியில் கேட்பது குறைந்துவிடும். புகுந்த வீட்டில் அவரைப் பிறந்த குலத்தின் பெயரோடு ‘மா’ சேர்த்து மாம்கீஜே, மாட்லாமினி என்பதுபோல அழைப்பார்கள். பிள்ளை பிறந்தால் இன்னாரின் அம்மா என்பார்கள். மருமகளுக்கோ இன்னும் பெரிய கட்டுப்பாடு. ஹ்லோனிப்பா என்ற மரியாதை வழக்கப்படி, மாமனாரின் பெயரை மட்டுமன்று, அந்தப் பெயரில் உள்ள அசைகளைக் கொண்ட சாதாரணச் சொற்களையும் அவர் தவிர்க்க வேண்டும். அரசர் பெயரென்றால் ஊரே தவிர்க்கும்: 1840 முதல் 1872 வரை ஆண்ட ம்பாண்டே மன்னரின் காலத்தில், வேரைக் குறிக்கும் இம்பாண்டே என்ற சொல்லை விட்டுவிட்டு மக்கள் இங்க்ஸாபோ என்றார்கள். மாமனார் பெயர் ம்வூலா என்று வாய்த்துவிட்ட மருமகள், மழை பெய்கிறது என்று சொல்லவே வேறு சொல் தேட வேண்டியிருந்திருக்கும். நகரங்களில் இந்தக் கண்டிப்பு வெகுவாகத் தளர்ந்துவிட்டது.

கடைசியாக உச்சரிப்பு. தமிழில் ‘நோம்வுலா’ என்று எழுதிப் பார்த்திருக்கிறேன். அதில் நீளம் தவறான இடத்தில் விழுகிறது. ஜூலுவில் கடைசிக்கு முந்திய அசைதான் நீளும். ஆகவே முதல் ‘நொ’ குறுகியும், ‘வூ’ நீண்டும், முடிவில் உள்ள ‘லா’ ஏறக்குறைய ‘ல’ என்றே தேய்ந்தும் வரும். ‘ம்வூ’ ஒரே அசை; ‘நொம்’ என்று நிறுத்திப் பிறகு ‘வூலா’ என்று தொடங்கக் கூடாது. ‘வ’வுக்கு மேல்பல் கீழுதட்டைத் தொட வேண்டும். உங்கள் தங்கையைவிட அவர் சற்று மூத்தவராக இருந்தால் வெறும் பெயரைச் சொல்லாமல் ‘சிசி நொம்வூலா’ என்று அக்கா முறை சேர்த்துக் கூப்பிடட்டும். தாய் வயதானவரென்றால் ‘மாமா’ என்பதே போதும், அம்மா என்றுதான் அதற்குப் பொருள். பழகிய பின் ஒருநாள் ‘வஜால்வா இஜூலு லீனா?’ என்று கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வானம் பொழியும்போதா பிறந்தீர்கள் என்று அர்த்தம். எந்த மழை என்பதை அவரே சொல்வார்.